கோடைக்கால வரவுசெலவு

மே மாதத்தில் ஆங்கிலக் கால்பந்துப் பருவம் முடிகிறது. ஆகஸ்டு வரை ஆட்டம் கிடையாது. ரசிகன் அதிகம் அவதிப்படுவது ஆட்டமே இல்லாத இந்த மாதங்களில்தான் என்று சொன்னால் கால்பந்து பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். ஆட்டம் நடக்கும்போது துக்கமோ மகிழ்ச்சியோ தொண்ணூறு நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். கோடைக்கு அந்தக் கருணை இல்லை. யார் போகிறார், யார் வருகிறார், எவருடைய முகவர் எந்த ஊர் விமான நிலையத்தில் தென்பட்டார் என்று வதந்தியைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்த வேண்டியதுதான்.

நாங்கள் ஆர்சனல் ரசிகர்கள். சென்னையில் ஒரே வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடிப் பார்த்துப் பழகிய மூவர். இதை எழுதுவது எங்களில் இருவர். மூன்றாமவர் ஏன் சேர்ந்து எழுதவில்லை என்பது போகப் போகத் தெரியும். லண்டனில் பிறக்கவுமில்லை, ஹைபரி மைதானத்தைக் கண்ணால் கண்டதுமில்லை. அந்த மைதானத்தோடு தன் வாழ்வையே பிணைத்து நிக் ஹார்ன்பி எழுதிய ‘ஃபீவர் பிட்ச்’ (1992) நூலைப் படித்தபோது, அவருடைய பைத்தியத்துக்காவது ஒரு முகவரி இருந்தது என்று தோன்றியது. எங்களுடையதற்கு அதுவும் இல்லை. டென்னிஸ் பெர்க்கம்ப் ஒரு பந்தைத் தரையிறக்கும் அழகைச் சின்னத்திரையில் கண்டோம். அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இருந்தும் முதல் நாளிலிருந்தே ‘நாம்’ என்றுதான் பேசினோம். “நாம ஜெயிச்சோம்”, “நமக்கு ஒரு நல்ல டிஃபெண்டர் வேணும்”. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. மான்செஸ்டர் யுனைட்டெட் ரசிகனிடம் வாதாடும்போது ‘நாங்க’, எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ‘நாம’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு வீரரை விற்றபின் கிளப் வெளியிடும் நன்றி அறிவிப்பில் வரும் அந்த ஒற்றைச் சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்று ஒவ்வொரு கோடையிலும் எங்களுக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் அது கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும் ‘நாங்கள்’தான்.

வரவுசெலவைப் பார்த்து வரப்போகும் பருவத்தைக் கணிப்பது எவ்வளவு வீண் என்பதை 2003-ஆம் ஆண்டின் கோடையே எங்களுக்குக் கற்பித்திருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். மக்கலேலே, கிரெஸ்போ, டஃப், வெரோன், ஜோ கோல் என்று நூறு மில்லியன் பவுண்டுக்கும் மேல் கொட்டி ஆட்களைச் சேர்த்தார்கள். ஆர்சனல் பக்கம் பெயர் சொல்லத்தக்க வரவு ஒன்றே ஒன்று: டேவிட் சீமனின் இடத்துக்கு வந்த, 33 வயதான ஜெர்மானிய கோல்கீப்பர் யென்ஸ் லேமன். ஆர்சென் வெங்கருக்குக் கஞ்சத்தனம் முற்றிவிட்டது என்று முடிவு கட்டினோம். அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை. எங்கள் கணிப்புத் திறனுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. (அதே கோடையில் பார்சலோனாவின் இளையோர் அணியிலிருந்து ஃபாப்ரிகாஸ் என்ற 16 வயதுப் பையனும் வந்திருந்தான். எங்களில் எவரும் அதைக் கவனிக்கவில்லை.)

2005-இல் பாட்ரிக் வியேரா போனார். அதற்கு முந்தைய கோடைகளிலெல்லாம் அவர் ரியல் மாட்ரிடுக்குப் போகிறார், போகிறார் என்று செய்தி வரும், போக மாட்டார். புலி வருகிறது கதைதான். கடைசியில் யுவென்டஸுக்குப் போயே விட்டார். மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெற்றியை உறுதிசெய்த பெனால்டி உதைதான் ஆர்சனலுக்காக அவர் உதைத்த கடைசிப் பந்து. வழியனுப்பு அது என்று தெரியாமலேயே நாங்கள் துள்ளிக் குதித்திருந்தோம்.

அடுத்த ஆண்டு மார்ச்சில், சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்காக வியேரா ஹைபரிக்கு எதிராளியாகத் திரும்பினார். அந்த இரவு நினைவிலிருந்து அகலாதது. ரோபேர் பிரெஸ் சறுக்கி விழுந்து வியேராவின் காலடியிலிருந்து பந்தைப் பறித்தார். பிரெஸ் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதா! முண்டாசு கட்டிய கவிஞர் மண்வெட்டி பிடித்தது போலிருந்தது. அந்தப் பந்து சுற்றி வந்து கோலானது. அடித்தது, வியேராவின் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த 18 வயது ஃபாப்ரிகாஸ். கொண்டாடினோம், ஆனால் முழுமனதோடு அல்ல. கேமரா வியேராவின் முகத்துக்குப் போனபோது மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்த மே மாதம் பாரிஸில் நடந்த இறுதி ஆட்டத்தின் 18-ஆம் நிமிடத்தில் லேமன் வெளியேற்றப்பட, மாற்றுக் கோல்கீப்பருக்கு இடம்விட வேண்டி வெங்கர் பிரெஸை வெளியே அழைத்தார். ஆர்சனல் சட்டையில் பிரெஸின் கடைசி ஆட்டமும் அதுவே.

2006 கோடையில் வீடே காலியானது. பெர்க்கம்ப் ஓய்வு பெற்றார். பிரெஸ் வில்லாரியலுக்கும் கேம்ப்பெல் போர்ட்ஸ்மத்துக்கும் போனார்கள். ஆஷ்லி கோல் செல்சிக்குப் போக, பதிலாக வில்லியம் கல்லாஸ் வந்தார். மைதானமும் மாறியது. ஏறத்தாழ 38,000 பேர் கொள்ளும் ஹைபரியிலிருந்து 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸுக்கு. அந்தக் கட்டடத்தின் கடன் அடுத்த பல கோடைகளின் கணக்கை எழுதப் போகிறது என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை. எங்களுக்கு உறுத்தியது வேறொன்று: பெர்க்கம்ப் அணிந்த பத்தாம் எண் சட்டையைத் தடுப்பாட்டக்காரரான கல்லாஸுக்குக் கொடுத்தார்கள். வீணை வித்துவான் போன வீட்டில் வீணையை எடுத்துத் துணி காயப்போட்டது போல எங்களுக்குப் பட்டது.

2007-இல் ஹென்றி, 2008-இல் ஃப்ளமினி, ஹ்லெப், 2009-இல் அடபயோர், கோலோ டூரே. ஒவ்வொன்றையும் விவரிக்க மனமில்லை. 2011 ஆகஸ்டு மட்டும் தனியே சொல்லத்தக்கது. பத்து நாள் இடைவெளிக்குள் ஃபாப்ரிகாஸ் பார்சலோனாவுக்கும் நஸ்ரி மான்செஸ்டர் சிட்டிக்கும் போனார்கள். இருவரையும் இழந்தால் பெரிய கிளப் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்னும் பொருளில் வெங்கரே ஜூலையில் பேசியிருந்தார். ஆகஸ்டு 28 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் 8–2 என்று தோற்றோம். எட்டாவது கோல் விழுந்தபோது சமையலறைக்குப் போயிருந்த நண்பர், சத்தம் கேட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த மூன்று நாட்களில், அதாவது டிரான்ஸ்ஃபர் கதவு சாத்தப்படும் கடைசி நேரத்தில், ஐந்து பேரை அவசர அவசரமாகச் சேர்த்தார்கள். அதில் எவர்டனிலிருந்து வந்த 29 வயது மிக்கெல் ஆர்டெட்டாவும், வேகம் குறைந்த நெடிய ஜெர்மானியர் பெர் மெர்ட்டஸாக்கரும் உண்டு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் எஞ்சியதை வாங்கி வந்திருக்கிறார்கள் என்றோம்.

மறு கோடையில் ராபின் வான் பெர்சி போனார். எங்கள் நண்பரும் அப்போதுதான் போனார்.

எட்டு ஆண்டுகள் ஆர்சனலில் இருந்தவர் வான் பெர்சி. அவற்றில் பெரும்பகுதி காயத்தோடு கழிந்தது. முழுதாக ஆட வாய்த்த 2011-12 பருவத்தில் லீகில் மட்டும் 30 கோல். அணித்தலைவர். கல்லாஸுக்குப் பின் பத்தாம் எண்ணை அணிந்தவரும் அவர்தான். அந்த எண்ணுக்கு மானம் திரும்பியது என்று மகிழ்ந்த நண்பர், அவர் பெயர் அச்சிட்ட சிவப்புச் சட்டை ஒன்றை வாங்கி ஆட்ட நாட்களில் அணிந்துகொள்வார். ஒப்பந்தத்தில் ஓராண்டே எஞ்சியிருந்தபோது, அதை நீட்டிக்கப் போவதில்லை என்று வான் பெர்சி தம் இணையத்தளத்தில் ஒரு மடல் எழுதினார். ஆகஸ்டில் அவரை விற்றார்கள், அதுவும் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு.

நாங்கள் இருவரும் அவர் பக்கம் நியாயம் பேசினோம். 29 வயது, காயம் பட்ட கால், வெல்லும் அணியில் ஆட இன்னும் சில ஆண்டுகளே மிச்சம். நல்ல வேலை கிடைத்தால் யார்தான் மாற மாட்டார்கள்? எங்களில் ஒருவர் அதே ஆண்டில்தான் கூடுதல் சம்பளத்துக்காக நிறுவனம் மாறியிருந்தார். நண்பர் அவரைப் பார்த்துக் கேட்டார்: “நீ கம்பெனி மாறினப்ப எவனாவது உன் பேரை முதுகுல எழுதிக்கிட்டுத் திரிஞ்சானா?”

எங்களிடம் பதில் இல்லை. அவருடைய கோபம் வான் பெர்சி மீது மட்டுமல்ல என்பதும் அன்று தெரிந்தது. “அவங்க வித்துட்டாங்க” என்று சொன்னார். ‘அவங்க’. அத்தனை ஆண்டுகளில் ஆர்சனலைக் குறித்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. அதன்பின் ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டுக்கு வேறு காரியமாகப் போனபோது, அந்தச் சிவப்புச் சட்டையால் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை.

2013 ஏப்ரல் 28 அன்று யுனைட்டெட் சாம்பியன்களாக எமிரேட்ஸுக்கு வந்தது. மரபுப்படி ஆர்சனல் வீரர்கள் இரு வரிசையாக நின்று கைதட்ட, நடுவே வான் பெர்சி நடந்தார். பெனால்டியில் ஒரு கோலும் அடித்தார். ஆட்டம் 1–1. நண்பர் கூட இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோமே தவிர, தொலைபேசியில் அழைக்கத் துணியவில்லை. வாதத்தில் நாங்கள் வென்றுவிட்டதாக அதுவரை ஓர் எண்ணம் இருந்தது. அந்த வரிசையைப் பார்த்த நிமிடத்தில் அது கரைந்துபோனது.

எஞ்சியதை வாங்கி வந்தார்கள் என்று நாங்கள் ஏளனம் செய்த இருவரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆர்டெட்டா 2014-இல் அணித்தலைவரானார். 2019 டிசம்பரில் பயிற்சியாளராகத் திரும்பினார். அவருக்குக் கீழ் அணி 2023, 2024, 2025 ஆகிய மூன்று பருவங்களிலும் லீகில் இரண்டாமிடம் பெற்றது. மெர்ட்டஸாக்கர் 2018-இல் இளையோர் அகாதமியின் பொறுப்பை ஏற்றார். எங்கள் நினைவில் மிக மோசமான அந்த ஆகஸ்டில்தான் கிளப்பின் அடுத்த காலம் உள்ளே நுழைந்திருக்கிறது. நாங்கள் அப்போது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம்.

கணக்குப் புத்தகத்தின் விசித்திரங்களும் சில ஆண்டுகளாக எங்களுக்குப் பழகிவிட்டன. ஐந்து கோடி பவுண்டு கொடுத்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரர், ஏட்டில் ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் தேய்கிறார். அகாதமியில் வளர்ந்த பையனுக்கு ஏட்டில் மதிப்பே கிடையாது. விற்றால் வந்த பணம் முழுவதும் லாபம். மூன்றாண்டுகளில் இவ்வளவுக்கு மேல் நட்டம் கூடாது என்று விதி இறுகியபோது, சொந்த வீட்டுப் பிள்ளையை விற்பதே கிளப்புகளுக்கு வசதியாகப் போயிற்று. 2024 ஆகஸ்டில் எமில் ஸ்மித் ரோ ஃபுல்ஹமுக்கு விற்கப்பட்டார். பத்து வயதில் ஆர்சனலில் சேர்ந்தவர், 2021 முதல் பத்தாம் எண்ணை அணிந்தவர். காயங்களால் ஆட்டம் குறைந்திருந்தது. விற்றது தவறு என்று சொல்ல எங்களால் முடியவில்லை. சரி என்று சொல்லவும் நா எழவில்லை.

ஓராண்டு பத்தாம் எண் காலியாகக் கிடந்தது. 2025 ஆகஸ்டில் கிரிஸ்டல் பேலஸிலிருந்து எபெரெச்சி எஸே வந்து அதை எடுத்துக்கொண்டார். டாட்டன்ஹாமுக்குப் போக இருந்தவர் கடைசி நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பினார். அவரும் ஆர்சனல் அகாதமியில் இருந்த பையன்தான். 13 வயதில் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள்.

செய்தி வந்த அன்று இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நண்பர். உடல்நலம், பிள்ளைகள் படிப்பு என்று சற்றுநேரம் சுற்றிவந்தார். பதின்மூன்று ஆண்டுகளாக ஆட்டமே பார்ப்பதில்லை என்று சாதித்து வந்தவருக்கு எஸே யாரென்று எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்கவில்லை.

“அந்தப் பையனை முன்னாடி நாமதானே வேண்டாம்னு அனுப்புனோம்?” என்றார்.

ஆமாம் என்றோம்.

“தப்பு பண்ணிட்டோம்” என்றார். பிறகு, சனிக்கிழமை ஆட்டம் நம்ம நேரத்துக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.