சுங்கை சிப்புட்டில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்

2022 நவம்பர். விடாத மழை. தேசிய முன்னணியின் தராசும் பக்காத்தானின் சிவப்பும் பெரிக்காத்தானின் நீலமும் ஒரே வேலியில் நனைந்து தொங்கின. நாடாளுமன்றத்துக்கும் பேராக் சட்டமன்றத்துக்கும் 19ஆம் தேதி சேர்ந்தே வாக்களிப்பு. அதனால் கும்பிடு போட வருகிறவர்களும் இரட்டிப்பு.

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் தொகுதிக்கு எவர் வந்தாலும் பழைய ஆட்களோடு ஒப்பிடாமல் விடமாட்டார்கள். துன் சம்பந்தன் பிறந்த மண் இது. வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர். அடுத்து இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் சாமிவேலு, 1974 முதல் 2008 வரை. அவரிடம் இரண்டு முறை தோற்றும் தொகுதியை விட்டு நகராமல், 2008இல் வென்று காட்டியவர் டாக்டர் ஜெயக்குமார். சாமிவேலு காலமாகி ஏறக்குறைய இரண்டு மாதம் ஆன நேரத்தில்தான் இந்தப் பிரச்சாரம். 2018இல் வென்ற பி.கே.ஆரின் கேசவனை எதிர்த்து ம.இ.கா. தேசியத் தலைவர் விக்னேஸ்வரனே களமிறங்கினார். பல முனைப் போட்டி.

பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டம். கோயில் முன்பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேட்பாளர் வந்தார். மாலை, படம், கைகுலுக்கல். முப்பது வருஷம் மரம் வெட்டிய பாட்டி எழுந்து கேட்டார்: "ஐயா, நாங்க இருக்கிற வீட்டுக்கு கிராண்டு எப்ப கெடைக்கும்?" அவர் இந்தியர் ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பாட்டி மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வேறொருவர், சட்டமன்றத்துக்கு நிற்பவர். கூட வந்தது நாலே பேர். அதே பாட்டி, அதே கேள்வி. "நிலம் யார் பேர்ல இருக்கு பாட்டி? வரி ரசீது ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்றார். பாட்டி பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். பழுப்பேறிய காகிதங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டார். "முடிச்சுக் கொடுக்கிறேன்னு இப்ப சொல்ல முடியாது. நில அலுவலகத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார். வாக்குறுதியே இல்லாத அந்தப் பேச்சுக்குப் பந்தல் முழுக்கக் காது கொடுத்தது. நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக ஓட்டுரிமை பெற்ற பதினெட்டு வயதுப் பிள்ளைகள்கூடக் கைப்பேசியிலிருந்து தலைதூக்கினார்கள்.

எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எல்லாக் கட்சியிலும் இரண்டு வகையும் உண்டு. கேள்வியைக் கேட்டதும் பேசத் தொடங்குகிறவர் ஒரு வகை. காகிதத்தைக் கேட்கிறவர் இன்னொரு வகை. தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, சொந்த வீட்டுக்கு அலைகிற நம் மக்களுக்கு வேண்டியது இரண்டாமவர்தான்.

கேசவன் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தொகுதியைத் தக்கவைத்தார். கூட்டத்தைப் பார்த்து வெற்றியைச் சொல்லிவிட முடியாத ஊர் இது. இங்கே ஒவ்வோர் ஓட்டுக்கும் கனம் உண்டு.

அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கும் வருவார்கள். மாலையைப் பிறகு போடலாம். முதலில் காகிதத்தைக் காட்டுங்கள். வென்றவரின் சேவை மையத்துக்கு, அதே காகிதத்தோடு, மறுமாதமே போய் நில்லுங்கள்.