மொட்டைமாடியில் பழகிய குரல்

எங்கள் வீட்டில் பாட்டு என்றால் சீர்காழி கோவிந்தராஜன்தான். பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னாலிருந்த தெருவில் மாடி வீடு. எச்.ஏ.எல். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே டேப்ரெக்கார்டரைத் தட்டிவிடுவார். அந்த வெண்கலக் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏற ஏற, அப்பாவின் ஆள்காட்டி விரலும் கூடவே மேலே போகும். குரல் என்பது கணீரென்று இருக்க வேண்டும், மேலே எட்ட வேண்டும். இதைத் தவிர வேறு இலக்கணம் எங்களுக்குத் தெரியாது.

அந்த வீட்டுக்குள் அண்ணன் ஹெவி மெட்டலைக் கொண்டுவந்தது 2004 வாக்கில். அவன் அப்போது பி.யு.சி.யில் இருந்தான், நான் பள்ளிக்கூடப் பையன். மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டில் எம்பி3 சி.டி. வாங்கி வருவான். ஒரே தகட்டில் பத்துப் பதினைந்து குழுக்களின் ஆல்பங்கள் தலைகீழாகக் குவிந்திருக்கும். 2001-ல் வந்தது முதலில் ஒலிக்கும், 1970-ல் வந்தது அதற்குப் பின்னால். இந்தக் குழப்பம் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் வருஷ வரிசைப்படி எழுதி, அந்த வரிசையில்தான் கேட்க வேண்டும் என்று எனக்கும் சட்டம் போட்டான். மெட்டலில் குரல் எப்படி மாறிவந்தது என்பது என் காதில் ஒழுங்காகப் பதிந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம்.

முதலில் 1970-ன் பிளாக் சபாத். ஓஸி ஆஸ்போர்ன் பெரிய வித்வத்து எதுவும் காட்டவில்லை. புலம்பலுக்குப் பக்கத்தில் நிற்கும் குரல், ஆனால் அந்தக் கனத்த கிட்டாருக்கு அதுவே பொருந்தியது. பிறகு ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்ட். அங்கேதான் குரல் உச்சிக்கு ஏறியது. அடுத்து அயர்ன் மெய்டன். முதல் இரண்டு ஆல்பங்களில் பால் டியானோ தெருப்பையனின் முரட்டுத்தனத்தோடு பாடினார். 1982-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் புரூஸ் டிக்கின்சன். அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா வாசற்படியில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். "இவன் பாடறான்டா. சுருதி நிக்குது பாரு" என்றார். அண்ணன் அன்றைக்கெல்லாம் தரையில் நடக்கவில்லை.

அப்பாவின் சமாதானம் நோட்டின் அடுத்த பக்கம் வரைக்கும்தான். 1983-ல் மெட்டாலிகா வந்ததும் பாட்டு கத்தலாயிற்று. 1985-ல் பொஸஸ்டு, 1987-ல் டெத் என்று போகப் போகக் கத்தல் உறுமலாயிற்று. ஏன் இப்படி என்று அண்ணனிடம் கேட்டேன். டிரம்ஸ் வேகம் ஏறிப்போச்சு, கிட்டார் கம்பியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கிட்டாங்க, அதுக்கு மேல நீட்டி நீட்டி ராகம் பாடினா நிற்காது, அதனால குரலும் ஒரு தாள வாத்தியமா மாறிடுச்சு என்றான். இத்தனை வருஷம் கேட்ட பிறகும் இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

டெத் குழுவின் சக் ஷுல்டினரை நாங்கள் தனியாக நேசித்தோம். 1987-ல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்த அவர் குரல், ஆல்பத்துக்கு ஆல்பம் மேலே ஏறி, 1998-ன் கடைசி ஆல்பத்தில் கிழிந்த ஓலமாக நின்றது. பாட்டின் பொருளும் பிணங்களை விட்டுவிட்டு மனித மனத்துக்கு வந்திருந்தது. 2001 டிசம்பரில், 34 வயதில், மூளைப் புற்றால் இறந்தார். அந்தக் கடைசி ஆல்பத்தைப் போடும்போதெல்லாம் அண்ணன் யாரையும் பேசவிட மாட்டான்.

கல்லூரிக்குப் போனதும் அண்ணன் ஒரு குழுவில் சேர்ந்தான். பாடகன் வேலை. சாயங்காலம் மொட்டைமாடியில், துணிக்கொடிகளுக்கு நடுவே நின்று உறுமிப் பழகுவான். நான்கே நாளில் தொண்டை கட்டிப் பேச்சு நின்றது. அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்தாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கீழ் வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள்.

ஆயாதான் பயப்படவில்லை. அவள் செய்யாறு பக்கத்துக்காரி. புரிசைத் தம்பிரான்மார் ஆடிய தெருக்கூத்தைப் பார்த்தே வளர்ந்தவள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "தொண்டையில கத்தாதடா. கட்ட வேஷக்காரன் ராவெல்லாம் கத்துறான், காலையில டீக்கடையில சாதாரணமா பேசிக்கினு நிப்பான். எல்லாம் அடிவவுத்துலருந்து வரணும்."

அன்று ராத்திரி முழுக்கக் கூத்துதான் பேச்சு. துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே, முகம் தெரிவதற்கு முன்பே, குரல் வந்து கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். மைக் கிடையாது. மத்தளமும் முகவீணையும் முழங்குகிற இடத்தில், வயல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். அந்தக் கத்தலில் சொல் புரியாவிட்டாலும் கோபம் புரியும் என்றாள். நாங்கள் தூரதேசத்துக் குழுக்களிடம் தேடிக்கொண்டிருந்த விஷயம் தெரிந்தவள் ஒருத்தி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆயா சொன்னது உடற்கூற்றுப்படியும் சரிதான். குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. பொய்க்குரல் நாண்கள் என்பார்கள். பேசும்போது அவற்றுக்கு வேலை இல்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சைச் சீராக அனுப்பி அவற்றை அதிர விட்டால் உறுமல் பிறக்கும். தெரியாதவன் தொண்டையை நெரிக்கிறான், நிஜ நாண்கள் உரசிப் புண்ணாகின்றன. நியூயார்க்கில் மெலிசா கிராஸ் என்ற குரல் ஆசிரியை இந்தப் பாடகர்களுக்கென்றே வகுப்பெடுத்து, 2005-ல் டி.வி.டி.யும் வெளியிட்டார். அதன் திருட்டுப் பிரதி ஒன்று அண்ணனுக்குக் கிடைத்தது. அதிலும் முதல் பாடம் மூச்சு.

ஸ்வீடனின் ஓபெத் குழு எங்களைப் பித்தாக்கியதும் அந்த வருஷங்களில்தான். மிக்கேல் ஒகர்ஃபெல்ட் ஒரே பாட்டில் உறுமுவார், அடுத்த வரியில் தாலாட்டுப்போல் பாடுவார். எம்.ஆர். ராதா ஒரே வசனத்துக்குள் கட்டைக் குரலிலிருந்து கீச்சுக் குரலுக்குத் தாவுவதை 'ரத்தக்கண்ணீர்' பார்த்து அறிந்த எங்களுக்கு இந்தத் தாவல் அந்நியமாகப் படவில்லை. ஒரு தொண்டைக்குள் இரண்டு ஆட்கள் இருக்கலாம் என்பதை நான் ராதாவிடம்தான் முதலில் கற்றேன்.

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். டில்லியின் பரிக்கிரமா குழு முன்னால் வாசித்தது, மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸும் பாடினார். அம்மாவிடம் கெஞ்சி அண்ணன் என்னையும் கூட்டிப்போனான். வடகிழக்கிலிருந்து ரயிலில் நாள்கணக்காக வந்தவர்கள் கறுப்புச் சட்டையில் புல்தரையில் படுத்துக் கிடந்தார்கள். டிக்கின்சன் வந்தார். ஒலிபெருக்கிமேல் தாவி ஏறி, ஓடி, கூட்டத்தை அதட்டி, அத்தனைக்கும் நடுவே நீட்டிய சுரம் ஆடவே இல்லை. ஐம்பதை நெருங்கிய மனுஷர். என் தோளுக்கு மேலிருந்த தலைகளெல்லாம் ஒன்றாகப் பாடியபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அப்பாவை அழைத்துவந்திருக்க வேண்டும் என்று அண்ணன் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அதே மைதானத்துக்கு 2008-ல் மெகாடெத் வந்தது, 2010-ல் லேம்ப் ஆஃப் காட், 2011 அக்டோபரில் மெட்டாலிகா. குரலுக்காக மட்டும் பார்த்தால் எனக்கு லேம்ப் ஆஃப் காட் பெரிது. மெலிசா கிராஸிடம் பயின்ற ராண்டி பிளைத், கடைசிப் பாட்டிலும் முதல் பாட்டின் அதே ஆழத்தில் உறுமியதை நேரில் கேட்டேன்.

ஆனால் நாங்கள் நிஜமாக மல்லுக்கு நிற்பது உள்ளூர்க் குழுவைப் பற்றி. 1998-ல் பெங்களூரில் தொடங்கிய கிரிப்டோஸ். முதலில் கணேஷ் கிருஷ்ணசுவாமி பாடினார். அவர் விலகியதும் கிட்டார் வாசித்த நோலன் லூயிஸ் பாட ஆரம்பித்தார். கணேஷ் பின்னாளில் பெவர் சீ குழுவில், மந்தமாக ஊர்ந்து போகும் டூம் இசைக்குத் திறந்த குரலில் பாடினார், கனமாக, அழகாக. 2013-ல் கிரிப்டோஸ் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடை வரை போனது. அவர்களுடைய கிட்டார்கள் பிரீஸ்ட், மெய்டன் வழி வந்தவை. நோலனின் குரலோ வறண்டு கரகரத்த சீறல். இதுதான் வழக்கு.

இவ்வளவு நல்ல இரட்டைக் கிட்டாருக்குமேல் ஒரு ஹால்ஃபோர்ட் வேண்டாமா என்பான் அண்ணன். வேண்டாம் என்பேன் நான். இரண்டு கிட்டார்களும் ஜோடி சேர்ந்து ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கின்றன. அதே உயரத்தில் மூன்றாவதாக ஒரு கணீர்க் குரல் ஏறினால் கிட்டாரின் ராகம்தான் மறைந்துபோகும். நோலன் சீறுவதால்தான் அந்த இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன. 2024-ல் அவர்களின் புது ஆல்பம் வந்த வாரம் அண்ணன் போன் செய்தான். இரண்டாவது பாட்டுக்குள்ளேயே பழைய வழக்கை எடுத்தான். நான் அவனை முதல் சோலோவுக்குத் திரும்பப் போய், குரல் நிற்கும் இடத்தில் கிட்டார் எப்படி உள்ளே வருகிறது என்று மறுபடி கேட்கச் சொன்னேன்.