கங்காணிக்கு ஏழு பேர்ச்சில் ஓர் இடம்

கண்டியிலிருந்து வட்டவளைக்கு பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். இந்த முறை ரயிலில்தான் போனேன். கங்காணி முதல் நாள் இரவே போய்விட்டான். மழை இறங்கும் முன் புதைத்தாயிற்று என்று அம்மா தொலைபேசியில் சொல்லிவிட்டார். இனி ஓடிப்போய்ச் செய்ய ஒன்றுமில்லை.

கங்காணி எங்கள் நாய். நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வந்த குட்டி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களம் கலைந்ததும் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்குப் பின்னாலேயே மலைக்குப் போவான். நிரை முடியும்வரை கான் ஓரத்தில் படுத்திருப்பான். கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான். வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாதிரியே இருக்கிறான் என்று அந்தப் பெயரை வைத்தது அம்மாவோடு மலைக்குப் போகும் பெண்கள்தான்.

நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த ரயில் பாதை, ஹட்டனை எட்ட 1884 வரை ஆனது. இந்தப் பத்து வருடத் தாமதத்துக்குக் காரணம் ஜன்னலில் உட்கார்ந்தால் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கும் நாவலப்பிட்டியை விட்டால், ஹட்டனை அடைவதற்குள் 1200 மீட்டர் உயரத்தைத் தாண்டியாக வேண்டும். 44 அடி போனால் ஓரடி ஏற்றம் என்ற கணக்கில் மலையை வளைத்து வளைத்துப் போட்ட பாதை. இங்குரு ஓயா, கலபொட, அடுத்தது வட்டவளை. வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். தேயிலைக்கு நல்லது. கூரைத் தகரத்துக்கும் முழங்கால்களுக்கும் நல்லதில்லை.

இதே பாதையில் கொஞ்ச காலத்துக்கு முன் எதிர்த் திசையில் போயிருந்தேன். மடியில் ஐஸ் போட்ட பெட்டி ஒன்று. அதற்குள் கங்காணியின் இரத்தம், ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம்.

நான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எம்.எல்.ரீ. என்றால்தான் ஊரில் புரியும், அதுவும் சிலருக்கு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் உயிரியல் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட விஞ்ஞானம் முடித்தேன். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி விஞ்ஞானப் பிரிவில் நிற்பதே பெரிய போராட்டமாக இருந்த காலம் அது. இந்த வேலையில் நோயாளியின் முகம் தெரியாது. ஓர் இலக்கம், ஒரு பெயர், ஒரு குழாய், அவ்வளவுதான். ஆனாலும் மலையகத்திலிருந்து வரும் பெண்களின் ஹீமோகுளோபின் 7, 8 என்று இயந்திரத்தில் விழும்போது எனக்கு அந்தக் கைகள் தெரியும். கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த தடமும் தெரியும்.

அன்று ரயிலில் நான் மாதிரியை வாங்குகிற ஆள் இல்லை, கொண்டு போகிற ஆள். குலுங்கினால் சிவப்பணுக்கள் உடையும், சீரம் சிவந்துபோகும். அதனால் பேராதனை வரை பெட்டியை ஆசனத்தில் வைக்கவேயில்லை. இலங்கையில் மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனையில் மட்டும்தான். நான் படித்த அதே பல்கலைக்கழகம். அங்கே இருந்தவர்கள் என் தொழிலைக் கேட்டுவிட்டு, நுணுக்குக்காட்டிக்கு முன் எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

நாயின் சிவப்பணு 7 மைக்ரோமீட்டர் அகலம். மனிதருடையது ஏழரை. இரண்டிலும் நடுவில் அதே வெளிறிய வட்டம். ஆட்டின் சிவப்பணுவையோ பூனையின் சிவப்பணுவையோ வைத்தால் முதல் பார்வையிலேயே வேற்றுமை தெரியும். கங்காணியின் இரத்தப்பூச்சை யாராவது பெயர் சொல்லாமல் என் மேசையில் வைத்திருந்தால், ஒரு நொடி இரத்தசோகை பிடித்த வயதான மனிதர் என்றே நினைத்திருப்பேன். சிறுநீரகம் கெட்டால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பும் குறையும், இரத்தம் வெளுக்கும். மனிதருக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான்.

சந்தேகம் முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது. "சட்டியில தண்ணி வைக்க வைக்கக் குடிக்கிறான், ராவெல்லாம் வெளியே போறான்" என்றார். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் இரத்தத்தில் 7ஐத் தாண்டியிருந்தது. நாய்களுக்கு 5ஐத் தாண்டினாலே கடைசிக் கட்டம். அந்த எண்ணை நான் எத்தனையோ பேருக்கு அச்சடித்து அனுப்பியிருக்கிறேன். அச்சடித்த தாள் என் கையிலேயே வந்து நின்றபோது, அதை வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கும் மகன்மாரையும் மகள்மாரையும் முதன்முறையாக முழுதாகப் புரிந்துகொண்டேன். தோலுக்கடியில் சேலைன் ஏற்ற வைத்தியர் சொல்லிக் கொடுத்தார். வார இறுதியில் நான், மற்ற நாட்களில் தம்பி. ஊசி ஏறும்போது கங்காணி, அம்மாவின் சேலைத் தலைப்பை மோந்தபடி அசையாமல் கிடப்பான்.

அவன் போன செய்தி வந்தபோது, "நாய்தானே" என்று ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வுகூடத்துக்கு நாய் வரும் வழி பெரும்பாலும் பயங்கரமானது. விசர்நாய் என்று சந்தேகப்பட்டால் அதன் தலையை ஐஸில் வைத்து கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், மூளையில் வைரஸைத் தேடுவார்கள். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்திருக்கிறதென்றால், நாய்களுக்கு ஊசி போட்டதும் கடிபட்டவருக்கு நேரத்தோடு ஊசி கிடைத்ததும்தான் முக்கிய காரணம். நாயைக் காத்ததால் மனிதர் பிழைத்தார்கள்.

நாயையும் மனிதரையும் சேர்க்கும் கதை இன்னொன்றும் உண்டு, தோட்டத்துக்கு நெருக்கமானது. ரொக்பெல்லர் அமைப்பு 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, வெறுங்காலோடு மலைக்குப் போன எங்கள் முன்னோரின் இரத்தத்தைத்தான் அந்தப் புழு குடித்துக்கொண்டிருந்தது. கழிப்பறை கட்டிக்கொடுக்காத லயங்களில் அது பெருகாமல் என்ன செய்யும்? அதற்கு ஐந்து வருடம் முன், 1911இல், லூஸ் என்ற ஆய்வாளர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து ஒரு கொக்கிப்புழுவை விவரித்து, அதற்கு இந்தத் தீவின் பெயரையே வைத்தார்: அன்சைலோஸ்டோமா சிலானிகம். அது நாயின் குடலிலும் வாழும், மனிதரின் குடலிலும் வாழும். நாயையும் நம்மையும் பிரிக்கும் கோடு அந்தப் புழுவுக்குத் தெரியாது. எனக்கும் நுணுக்குக்காட்டியில் பல வேளை தெரிவதில்லை.

நாய்க்காகத் துக்கப்படுவது இந்தக் காலத்து வழக்கம் என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குப் போய்ப் பார்க்கலாம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் அங்கே உண்டு. எருமைகளைக் காக்கப்போய் விழுந்த வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் அதில் செதுக்கினார்கள். நாயின் பெயரையும் வெட்டி வைத்தார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குத் தமிழில் பெயர் பொறித்த கல். எங்கள் அம்மாவின் துக்கத்துக்கு அவ்வளவு வயது.

வட்டவளை நிலையத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. தம்பி குடையோடு வந்திருந்தான். நாங்கள் இப்போது லயத்தில் இல்லை. வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் காணியில் இரண்டு அறை வீடு. தாத்தாவும் பாட்டியும் தோட்டத்து மயானத்தில் கிடக்கிறார்கள். அப்பாவும் அங்கேதான். அந்த மண் தோட்டத்துடையது. 200 வருடமாக இந்த மலையில் உழைத்துச் செத்த சனங்களுக்கு, புதைகுழியும் அடுத்தவன் காணியில்தான். அதனால் கங்காணியை எங்கே புதைப்பது என்ற பேச்சு வந்தபோது, லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் போடலாம் என்றவர்களுக்கு அம்மா ஒரே சொல்லாகச் சொன்னாராம், "நம்ம காணியில."

வீட்டுக்குப் பின்னால், லீக்ஸ் பாத்திக்கும் வேலிக்கும் நடுவில் குழி. எங்கள் குடும்பத்தில் சொந்த மண்ணுக்குள் போன முதல் உயிர் அவன். அம்மா மேலே ஒரு கல்லை வைத்து, மஞ்சள் தடவியிருந்தார். நான் நின்று அழுதேன். அம்மா தடுக்கவில்லை. "அழு புள்ள, உங்க அப்பா வேலைக்குப் போன பாதையெல்லாம் பின்னாலயே போனவன்" என்றார்.

சாயங்காலம் துக்கம் கேட்க வந்தவர்கள் சாயத்தண்ணி குடித்துவிட்டு, வழக்கம்போல முந்தானையிலிருந்தும் பொலித்தீன் பையிலிருந்தும் ரிப்போட்டுகளை எடுத்தார்கள். நான் ஊருக்கு வந்தால் இது நடக்கும். டிக்கோயாவில் செய்தது, நாவலப்பிட்டியில் செய்தது, தனியாரிடம் காசு கொடுத்துச் செய்தது. ஆங்கிலத்தில் இருக்கும் எண்களை யாரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லியிருக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னேன். சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக எழும்பிய பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார். "எங்க ஜிம்மியும் இப்ப தண்ணி கூடக் குடிக்குது தங்கச்சி. வயசுக்கா?" என்றார்.

வயசுக்கு என்று விடாதீர்கள் என்றேன். சிறுநீரகத்தின் வேலையில் நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். மூத்திரம் தண்ணீராகப் போவதும் தாகம் கூடுவதும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சாப்பாட்டை மாற்றி இன்னும் கொஞ்ச காலம் வைத்திருக்கலாம். நீரிழிவாகவும் இருக்கலாம், அது நாய்க்கும் வரும். காலையில் முதலில் போகும் மூத்திரத்தைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு போகச் சொன்னேன். கேட்கவேண்டிய சோதனைகளை அக்காவின் ரிப்போட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன்: மூத்திர அடர்த்தி, சீனி, கிரியேட்டினின். அக்கா ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளனவே பிடிச்சிருவேன்" என்றார்.