போட்ஹாய்ஸ்கி ஆசானுக்கு, பூந்தமல்லியிலிருந்து

ஆசானே, 1973-இல் நீங்கள் மறைந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. பூந்தமல்லி தாண்டி, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் ஒரு சின்ன லாயத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்குள்ள குதிரைகளில் பல, கிண்டிப் பந்தயத்தில் ஓடி, இனி வேகம் போதாது என்று விற்கப்பட்டவை. ஓட மட்டுமே பழகிய உயிரிடம் நிதானத்தை எப்படிக் கேட்பது என்று தவித்த நாட்களில் உங்கள் புத்தகங்கள் கைக்கு வந்தன.

ஆசானே, அவற்றில்தான் நீரோவைச் சந்தித்தேன். பந்தயத்துக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட குதிரை. அதை நீங்களே பழக்கி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெண்கலம் வென்றீர்கள். எங்கள் லாயத்தில் ஒரு செவலை, மைதானத்துக்குள் வந்தாலே உடம்பெல்லாம் விறைத்துக்கொள்ளும். கழுத்தைத் தடவியபடி பக்கத்தில் நடப்பேன். நடை தளர்ந்து, தலை தானாக இறங்கிய அன்று ஒரு வெல்லக்கட்டி கொடுத்தேன். நீங்கள் தலைமையேற்று நடத்திய வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் வீரர்களின் கோட்டு வாலுக்குள் சர்க்கரைக்கென்றே ஒரு பை தைத்திருப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே வெல்லமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆசானே, புதிதாக வரும் பிள்ளைக்குக் கடிவாளமும் அங்கவடியும் தராமல், நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, முதலில் உட்காரப் பழக்குவது உங்கள் பள்ளியின் முறை. நானும் அப்படியே தொடங்குகிறேன். "எப்ப சார் தனியா ஓட்ட விடுவீங்க?" என்று பெற்றோர் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்பதில்லை, குதிரையின் முதுகு அசைவதை உடம்பால் அறிந்துகொண்ட முகம் அவர்களுக்கு வந்துவிடுகிறது.

ஆசானே, நான் ஆவடிக்காரன். டாங்குகள் செய்யும் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு வளர்ந்தவன். குதிரைப்படைகளின் காலத்தை முடித்தவை அந்த வண்டிகள்தாம். அதனால் 1945 மே 7 எனக்கு மிக நெருக்கமான நாள். போரின்போது வியன்னாவிலிருந்து வெளியேற்றிக் கொண்டுவந்த பள்ளியின் வெள்ளைக் குதிரைகளை, மேல் ஆஸ்திரியாவின் ஒரு கிராமத்தில், டாங்குப் படைகளை நடத்திவந்த அமெரிக்கத் தளபதி பேட்டன் முன்னால் ஆடவைத்து, அவற்றுக்குப் பாதுகாப்புக் கேட்டீர்கள். அவரும் குதிரைப்படையிலிருந்து வந்தவர், தந்தார். செக் மண்ணிலிருந்த அதே இனத்துப் பெட்டைகளையும் குட்டிகளையும் அமெரிக்க வீரர்கள் முன்பே மீட்டிருந்தார்கள். பள்ளி வியன்னா திரும்ப 1955 வரை ஆயிற்று. தோற்ற நாட்டின் அதிகாரியாக நின்று அன்று நீங்கள் குதிரைகளுக்காகப் பேசியிராவிட்டால், அந்தப் பள்ளி பிழைத்திருக்குமா என்றே ஐயப்படுகிறேன்.

ஆசானே, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு இளைஞர் நால்வர் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம். அன்று மாலை பிள்ளைகளுக்கு நீரோவின் கதையைச் சொன்னேன். ஒரு சிறுமி எழுந்துபோய், செவலைக்கு இனி நீரோதான் பெயர் என்று அறிவித்துவிட்டாள். அது பெயர் கேட்டுத் திரும்பப் பழகிவிட்டது.


உங்கள் மாணவன்