டொர்னாடோ வராத நாளுக்கு நன்றி

அன்புள்ள வானிலை ஆய்வுக் குழுவினருக்கு,

டெக்சாஸின் வடகோடியில், மே மாதத்தில் ஒருநாள், உங்கள் வண்டியின் பின்சீட்டில் எனக்கு இடம் கொடுத்தீர்கள். ஒரு டொர்னாடோகூடக் காட்டாமல் அனுப்புகிறோமே என்று இரவு விடுதி வாசலில் வருத்தப்பட்டீர்கள். அந்த வருத்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

புயலைத் துரத்துவதென்றால் சினிமாவில் வருவதுபோலப் பறந்துகொண்டே இருப்போம் என்று நினைத்து வந்தவன் நான். பகலில் பாதி பெட்ரோல் பங்க்கிலேயே கழிந்தது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வறண்ட காற்றும் வந்து முட்டுகிற கோட்டில்தான் மேகம் கிளம்பும். ஆனால் அன்று, மேலே ஒரு வெப்ப அடுக்கு அதை எழவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை, என்னைத் தவிர.

பிறகு பலூன். அடிக்கிற காற்றில் ஹீலியம் நிரப்புவது லேசான வேலையா? நகம் பட்டால் கிழிந்துவிடும் என்று கையுறை மாட்டிக்கொண்டு, உங்கள் மாணவி அதை இரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். முகத்தில் மண் வாரி இறைத்தது. கண்ணை மூடிக்கொண்டாரே தவிரப் பிடியை விடவில்லை. கருவியைக் கட்டி விட்டதும், பலூன் சாய்ந்தபடியே ஏறி மறைந்தது. வண்டிக்குள் திரையில் வெப்பமும் ஈரமும் காற்றும் கோடு கோடாக விழத் தொடங்கின.

மாலை ஐந்து மணிக்கு மேல் சூப்பர்செல் எனும் சுழலும் புயல்மேகம் எழுந்தது. அதன் அடிவயிறு கண்ணெதிரே மெல்லச் சுழன்றது. இன்னும் நெருங்க ஒரு மண்சாலைதான் இருந்தது. மழை பிடித்தால் திரும்ப முடியாது என்று தலைவர் மறுத்துவிட்டார். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் புயலைத் துரத்திய ஆய்வாளர் டிம் சமராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் மூவரையும் டொர்னாடோ கொண்டுபோனதை நீங்கள் யாரும் எடுத்துப் பேசவில்லை. தப்பிக்க ஒரு சாலை இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தவுமில்லை.

சுழல் தரையைத் தொடாமலே அடங்கியது. எனக்கு ஏமாற்றம்; நீங்களோ இரண்டாவது பலூனுக்குத் தயாரானீர்கள்! ஒரே மாதிரி சுழலும் இரண்டு சூப்பர்செல்களில் ஒன்று டொர்னாடோவை இறக்குகிறது, மற்றது இறக்குவதில்லை. ஏன்? 1994-95இல் நடந்த வோர்டெக்ஸ் ஆய்வில், கூரையில் வெப்பமானி பொருத்திய கார்கள் ஒரு துப்புக் கொடுத்தன: புயலின் பின்பக்கம் இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்திருந்தால் சுழல் வலுப்பெறுவது கடினம். அடங்கிப்போன புயல்களையும் அளந்ததால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று. அமெரிக்காவில் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் பொய்த்துப்போகின்றன. பொய்த்த சைரனைப் பலமுறை கேட்டவர் அடுத்த முறை நிலவறைக்கு இறங்க யோசிப்பார். அந்த யோசனையைக் குறைக்கத்தான் பரிசில்லாத இந்த நாளை இவ்வளவு பொறுமையாக அளந்தீர்கள் என்று பிறகுதான் உறைத்தது.

அன்றைய பதிவுகள் கட்டுரையாக வந்தால், நன்றிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம். சாண்ட்விச் சாப்பிட்டதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. பலூன் பிடித்த அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.


பின்சீட்டுக்காரன்