பதிவேட்டில் ஒரு பெயர்

பதுளையில் எங்கள் மாதர் சங்கத்துக் கணனி லினக்ஸில் ஓடுகிறது. ஒருநாள் அங்கத்தவர் பதிவேடு திறக்கவில்லை. பெயர்கள் எல்லாம் போய்விட்டன என்று பயந்துவிட்டேன். 'டிஎஃப்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் வன்தட்டு 100 வீதம் நிறைந்திருந்தது. பழைய பதிவுக் கோப்புகளை அழித்து, தரவுத்தளத்தை மீண்டும் தொடக்கினேன். பெயர்கள் வந்தன.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தபோது, காணாமற்போனோர் தொகை நாளுக்கு நாள் மாறியது. யுத்தத்தில் உறவுகளைத் தேடிய சகோதரிகளுக்கு ஒரு பெயர் விடுபடுவதன் வலியை நான் சொல்லத் தேவையில்லை.

2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமற்போனோர், முகாம்களில் இருப்போர் விபரங்களைப் பதியத்தான். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது. அதையே போடலாமா என்று யோசித்தோம். பெரிய வேலைக்கு நல்லது. ஆனால் பராமரிக்க ஆள் வேண்டுமே! எங்களுக்கு லிப்ரே ஒபிஸ் அட்டவணை போதும் என்று தீர்மானித்தோம்.

அதிலும் ஒரு சிக்கல். 'ராஜேஸ்வரி' என்று தேடினால், 'ராஜேசுவரி' என்று பதிந்தவர் வரமாட்டார். ஆகவே அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து எழுதுகிறோம். மாதந்தோறும் பென்டிரைவில் ஒரு பிரதி, தாளில் ஒரு பிரதி. தாள் பிரதியை வேறு தோட்டத்து அக்கா ஒருவர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.