நங்கநல்லூர் கார் ஷெட்டில் கிரேஃபிஷ் வளர்த்தால் காசு பார்க்கலாமா?

நங்கநல்லூர் என்றால் 32 அடி உயர ஆஞ்சநேயர் நினைவுக்கு வருவார், மீன் தொட்டி வராது. ஆனால் கார் இல்லாத கார் ஷெட்டும், வாடகைக்குப் போகாத கீழ்த்தள அறையும் இங்கே உண்டு. 'வீட்டுக்குள்ளேயே தொட்டி, கைநிறைய வருமானம்' என்கிற வீடியோக்கள் குறிவைப்பது இப்படிப்பட்ட இடங்களையும், அதை வைத்திருப்பவர்களின் ஓய்வூதியப் பணத்தையும்தான்.

கிரேஃபிஷ் என்பது நல்ல தண்ணீரில் வாழும், பார்க்கக் குட்டி சிங்கி இறால் போலிருக்கும் உயிரினம். இந்திய ஆறு, குளங்களில் இயல்பாக இது கிடையாது. வளரும்போது ஓட்டை உரிக்கும். அந்த நேரத்தில் உடம்பு மெத்தென்று இருக்கும். பக்கத்தில் இருப்பது சும்மா விடாது, தின்றுவிடும்! அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒளிய ஒரு பைப் துண்டாவது வேண்டும்.

சின்னதாக ஒரு கணக்கு. தொட்டி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இது தரையில் ஊர்கிற ஜீவன். 10-க்கு 10 அடித் தொட்டியில் சதுர மீட்டருக்கு 10 விட்டால் மொத்தம் 93. ஒன்றுகூடச் சாகாமல், தலைக்கு 70 கிராம் வளர்ந்தால் ஆறரை கிலோ. அதில் வால் சதை சுமார் இரண்டு கிலோ தேறினால் அதிகம். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 100 வாட் காற்று பம்ப் இரவு பகலாக ஓடினால் மாதம் 72 யூனிட் கரன்ட். தீவனம், தண்ணீர் தனி. உலகில் இதை டன் கணக்கில் எடுக்கும் சீனாவும் அமெரிக்காவின் லூசியானாவும் பெரும்பாலும் நெல் வயலையும் குளத்தையும்தான் நம்புகின்றன.

பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். தப்பித்துப் போன கிரேஃபிஷ்ஷைத் திரும்பப் பிடிக்க முடியாது. பக்கத்து ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து வீராங்கால் ஓடை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் தொட்டி எது, தெரு எது? மார்பிள் கிரேஃபிஷ் என்ற வகையில் ஆணே தேவையில்லை, ஒற்றைப் பெண் போதும் பெருக. ஐரோப்பிய யூனியன் 2016-லேயே அதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இறால் பண்ணைகளைப் படுத்திய வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமியும் கிரேஃபிஷ்ஷில் தங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்களை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புவது சும்மா இல்லை.

தொட்டி ஆசை விடவில்லையா? நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, திருமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொளத்தூர். ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் வண்ண மீன்கள் கைமாறும் ஊர். வீட்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்துப் பிழைப்பவர்கள் அங்கே நிறைய. கிலோ கணக்கு கிடையாது, ஜோடிக்கு விலை. கப்பி மாதாமாதம் குட்டி போடும். முதல் தொட்டிக்கு அது போதும்.